பில் வராத மேசை

பூதலூர் பரிதி 2018 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை. பில் வராததுதான் காரணம் என்பது ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த வாரம் தஞ்சாவூர்ச் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது, சம்பா நாற்றங்கால் பச்சை பிடித்திருந்தது, உழவர் குழுவின் செயலாளர் என்ற முறையில் பரிதிக்குப் பத்து நாள் வலென்சியா போய் அந்த ஊர் நெல் விவசாயத்தைப் பார்த்து வர அழைப்பும் வந்திருந்தது. கூலி வேலை பார்த்த ரெங்கசாமியின் மகன் ஆகாயத்தில் பறக்கப் போகிறான் என்று தெருவே வாசலுக்கு வந்து நின்றது. அவர் மனைவி செம்மொழி அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பத்து நாள்தானே என்று அவள் ரயிலடிக்குக்கூடப் போகவில்லை. அதை நினைத்து அவள் பின்னால் அழுதது கொஞ்சநஞ்சமல்ல.

வெளிநாட்டில் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று பரிதிக்குப் பாடம் எடுத்தவர் ஜாஹித். அதிராம்பட்டினத்துக்காரர், தஞ்சாவூரில் டிக்கெட் போட்டுக் கொடுத்து நோட்டும் மாற்றித் தருகிறவர். விமான நிலையத்தில் பணம் மாற்றாதே, பெரிய நோட்டை நீட்டினால் சின்னக் கடையில் முகம் சுளிப்பான், மேசையில் தானாக வந்து உட்காரும் ரொட்டிக்கும் காசு உண்டு, கிளம்பும்போது தட்டில் இரண்டு சில்லறை விட்டால் போதும், நம் ஊர் தாராளத்தைக் காட்டாதே என்று ஒன்று விடாமல் சொல்லியனுப்பினார். அப்படியும் பரிதி முதல் நாளே விடுதியில் கோட்டை விட்டார். கார்டு இயந்திரம் ரூபாயா, யூரோவா என்று கேட்டது. இத்தனை தூரம் வந்தும் நம் ரூபாயைத் தெரிந்து வைத்திருக்கிறதே என்ற பாசத்தில் ரூபாயை அழுத்தினார். இயந்திரம் போட்ட மாற்று விலையில் நானூறு ரூபாய் வீணாகப் போயிற்று. "அண்ணே, அது பாசமா கேக்கல, பிடுங்கறதுக்குக் கேக்குது" என்று ஜாஹித் போனில் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பரிதி ஒரு சென்ட்கூட ஏமாறவில்லை. ஜாஹித் சொல்ல மறந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் பகல் இரண்டரை மணிக்கு, ஏரிக்கரையில் விசென்டே என்பவரின் சாப்பாட்டுக் கடையில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரிதி உட்கார்ந்தார். அந்த ஊரில் மதியச் சாப்பாடு அந்த நேரத்துக்குத்தான். சோறும் மதியத்துக்கு மட்டுந்தான், ராத்திரியில் சோறு கேட்பவரை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அகலமான இரும்புச் சட்டியில் குங்குமப்பூ நிறத்தில் சோறு வந்தது. அதில் முயல் கறியும் வயல் நத்தையும் கிடந்தன. ரெங்கசாமி வரப்பில் பொறுக்கி, யாரும் பார்க்காமல் கொல்லையில் வேகவைத்துத் தின்ற அதே நத்தை. பக்கத்து மேசையில் கோட்டுப் போட்ட கனவான்கள் அதை ஊசியால் குத்தி எடுத்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிதி மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, பில்லுக்காகக் காத்திருந்தார். தஞ்சாவூர் மெஸ்ஸில் மோருக்குக் கை நீட்டும்போதே ஈரத் தம்ளருக்கு அடியில் பில் வந்துவிடும். அடுத்த ஆள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி பின்னால் நிற்பார். பரிதி தன் வாழ்நாளில் பில்லைக் கேட்டு வாங்கியதே கிடையாது. விசென்டேயின் கடையிலோ, கேட்காத விருந்தாளிக்கு முன்னால் பில் வைப்பது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அப்படி நடந்ததில்லை. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும் சாப்பாட்டில் சேர்த்திதான் அங்கே. அதனால் இவர் அவரைப் பார்த்துச் சிரித்தார், அவர் இவரைப் பார்த்துச் சிரித்தார், வெயில் சாய்ந்தது.

பரிதி இன்னும் மேசையிலேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, விஷயம் புரிந்ததும் ஜாஹித் செம்மொழிக்குப் போன் செய்து, "அக்கா, அங்க நாமதான் பில்லு கேக்கணும். சொல்ல மறந்துட்டேன், என்னய மன்னிச்சிருங்க" என்றார். அவள் உடனே பரிதியை அழைத்துச் சொன்னாள். "வரும் செம்மொழி, வரட்டும், என்ன அவசரம்" என்றார் அவர். மறுநாள் விமானம் அவர் இல்லாமல் புறப்பட்டது. நவம்பரில் கஜா புயல் வந்து மாட்டுக்கொட்டகைக் கூரையைக் கொண்டுபோனது. விசா முடிந்து அதிகாரி ஒருவர் தேடி வந்தார். மேசையில் இருக்கும் மனிதரைத் தொந்தரவு செய்வது மரியாதையல்ல என்று தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நோய் வந்து உலகமெல்லாம் கடையடைத்தபோது விசென்டேயும் கதவைச் சாத்தினார். பரிதி உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நரைக்கவில்லை, சட்டை அழுக்காகவில்லை, தட்டோரத்தில் ஒட்டிய சோறு காயவில்லை, போனில் பதினான்கு சதவீதம் சார்ஜ் இறங்கவே இல்லை. பூதலூரில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மகள் மதிவதனி பெரியவளானாள், சைக்கிள் பழகினாள், பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபது வாங்கினாள். செம்மொழிக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது.

2022 கார்த்திகையில் ரெங்கசாமி செத்துப்போனார். உடலைக் கூடத்தில் கிடத்திவிட்டு ஒன்றரை நாள் காத்திருந்தார்கள். வீடியோவில் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பரிதி வாய்விட்டு அழுதார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். அவர் மட்டும் எழவில்லை. "அப்பாவுக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்றார். செம்மொழி போனைச் சுவரில் விட்டெறிந்தாள். கொள்ளி வைத்தவள் மதிவதனி. இனி அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் ஆயிற்று என்று செம்மொழி முடிவு செய்தாள். நகையை அடகு வைத்து, இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, மூன்றாம் முறை கிடைத்து, ஜாஹித் எண்ணிக் கொடுத்த சின்ன நோட்டுகளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு 2025 மே மாதம் போய்ச் சேர்ந்தாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு புருஷனைப் பார்த்தபோது, தன் தம்பியைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு. அத்தனை இளமையாக இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட வந்த விசென்டேயைக் கையமர்த்திவிட்டு, நின்றபடியே பில் கேட்டாள். அவர் சந்தோஷமாகக் கொண்டுவந்தார். பதினான்கரை யூரோ; அந்த ஊரில் விலையெல்லாம் ஏறியிருந்தும் அன்றைய சாப்பாட்டுக்கு அன்றைய விலைதான். இருபது யூரோ நோட்டைக் கொடுத்தாள், மீதி சின்னத் தட்டில் வந்தது. அவ்வளவுதான். ஏழு வருடத்தின் முடிச்சு இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

"காசு குடுத்தாச்சு. எந்திரிங்க."

பள்ளிக்கூடத்தில் தினமும் நூற்றிருபது பிள்ளைகளிடம், அடுத்த வரிசை உட்கார வேண்டுமே என்று, யோசிக்காமல் சொல்கிற வார்த்தை. பரிதியின் முகம் பன்னிரண்டு வயதுப் பையனுடையது போல ஆகிவிட்டது. அவர் கை தானாக இலையை மறைப்பது போலத் தட்டை மறைத்தது.

"அப்பா ஒரு தடவதான் சொன்னாரு," என்றார் குரல் இறங்கி. "பண்ணையாரு வீட்டுக் கல்யாணம். கடைசிப் பந்தியில ஓரமா உக்காந்துட்டாராம். சாம்பார் ஊத்துனதுக்கு அப்புறம் பண்ணையாரோட காரியக்காரரு வந்து 'எந்திரிடா'ன்னாராம். கையில பெசஞ்ச சோத்தோட எந்திரிச்சாராம். அதுக்கப்புறம் எங்க உக்காந்தாலும் அவருக்கு வயிறு நெறைஞ்சதே இல்ல. இங்க யாரும் சொல்லல செம்மொழி. ஏழு வருசமா ஒருத்தரும் சொல்லல."

செம்மொழி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள். தான் சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பில்லுக்காகக் காத்திருக்கவில்லை என்பதும், பில் எதையும் முடித்துவைக்காது என்பதும், இந்த மனிதர் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தன. வெகுநேரம் அவர் தோளில் கை வைத்து நின்றாள். பிறகு சின்னத் தட்டில் வந்த சில்லறையை அப்படியே விட்டுவிட்டு, "நல்லா சாப்புடுங்க" என்று சொல்லி வெளியே வந்தாள். வாசலில் விசென்டே இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டார். ஏரிக்கு அப்பால் நாற்று நட வயலில் தண்ணீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

போன மாதம் குடும்ப அட்டை சரிபார்க்க அலுவலர் குணசேகரன் வந்தார். குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டார்.

"சாப்புட்டுக்கிட்டு இருக்காருங்க," என்றாள் செம்மொழி. "பேரை எடுத்துராதீங்க. அவரை யாரும் எழுப்ப வேண்டாம்."

குணசேகரன் அப்படியே எழுதிக்கொண்டு, எதிர்வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார்.