அவர்தான் என்றாள்

பாடசாலைப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. இசபெல் தட்டுக் கழுவும் இயந்திரத்தைத் திறந்தாள். வெந்நீராவி முகத்தில் அடித்தது. அதே நேரம் ஏப்ரன் பைக்குள் தொலைபேசி அதிரத் தொடங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. அது நின்றது. பிறகு மறுபடியும் அதிர்ந்தது.

"உம்மட போன்தான். எடுமன்," என்றாள் அவளோடு வேலை செய்யும் மேரிசாந்தி, கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே.

"ஆரோ விளம்பரக்காரர்."

விளம்பரக்காரர் இல்லை. வங்கிதான் என்று இசபெல்லுக்குத் தெரியும். சில வாரங்களாகவே அவள் அந்த அழைப்புக்குப் பயந்துகொண்டிருந்தாள்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், வேலை முடிந்து லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த வீட்டுக்கு ட்ராமில் திரும்பும்போது, தொலைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தில் அவள் விரல் பட்டது. பழங்களும் மணிகளும் சுழலும் ஒரு விளையாட்டு. சும்மா ஒரு தரம் பார்ப்போம் என்று விளையாடினாள். காசு வந்தது. அந்தக் காசில் கணவன் அருள்நேசனுக்கு வேலைக்குப் போட நல்ல சப்பாத்து வாங்கி, மலிவு விற்பனையில் எடுத்ததாகச் சொன்னாள். அவனும் சந்தோசமாகப் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு காசு வந்ததைவிடப் போனதே அதிகம். போனதைப் பிடிப்பதற்காக மறுபடியும் விளையாடினாள். ட்ராமில் விளையாடினாள். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் கணவன் வேனை நிறுத்த இடம் தேடும் நேரத்திலும் விளையாடினாள். பழைய வேனை மாற்றுவதற்காக இருவரும் சேர்த்த பணம், இருவரின் பெயரிலும் உள்ள கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அருள்நேசன் கணக்கைப் பார்ப்பவன் அல்ல. "உந்த ஆப் எல்லாம் எனக்கு விளங்காது. நீர் பாத்தாக் காணும்," என்பான். திரும்பப் போட்டுவிடலாம், அவருக்குத் தெரியாமலே சரிப்படுத்திவிடலாம் என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

வங்கியிலிருந்து முதலில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. சூதாட்டத் தளங்களுக்கு நீங்கள் செலவழிப்பது கூடியிருக்கிறது, விரும்பினால் நீங்களே அதைத் தடுத்து வைக்கலாம் என்று இருந்தது. அவள் உடனே அழித்துவிட்டாள். பிறகு உதவி கேட்கக்கூடிய ஓர் இலக்கத்தோடு இன்னொன்று வந்தது. அதையும் அழித்தாள். ஆனால் தன் தோளுக்குப் பின்னால் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோன்ற உணர்வை அவளால் அழிக்க முடியவில்லை. வீட்டில் அருள்நேசனின் தொலைபேசி சத்தமிட்டால் அவனுக்கு முதல் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

இப்போது மூன்றாம் தரமும் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்காவிட்டால் அருள்நேசனுக்குத் தொலைபேசி எடுப்பார்களோ என்ற பயத்தில், இசபெல் உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

மறுபக்கத்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணின் குரல். மிகவும் மென்மையாகப் பேசினாள். உங்கள் அட்டையிலிருந்து சூதாட்டத் தளங்களுக்கு நிறையப் பணம் போயிருக்கிறது, உங்களைக் குறை சொல்ல எடுக்கவில்லை, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் எடுத்தோம் என்றாள்.

"நான் இல்லை," என்று இசபெல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அப்படியானால் உங்கள் அட்டையை வேறு யார் பாவிக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

கதவுக்கு வெளியே மேரிசாந்தி தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர இசபெல்லுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"என் கணவர். அவர்தான்," என்றாள்.

மறுபக்கத்துக் குரல் தணிந்தது. அவர் இப்போது உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா? உங்களைக் கேட்காமல் அட்டையை எடுப்பாரா? உங்களுக்கு அவரிடம் பயமா?

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். இசபெல் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தையும் அந்தப் பெண் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டாள். கணக்கு இரண்டு பேருடையது, செலவைப் பற்றி இரண்டு பேருக்கும் இடையில் பிரச்சினை இருக்கிறபடியால், இருவரும் வந்து பேசும் வரைக்கும் அதை நிறுத்தி வைக்கிறோம், காரணத்தை அவருக்குச் சொல்லமாட்டோம் என்றாள். இசபெல்லுக்கு அதில் பாதி விளங்கவில்லை. "ஓகே, ஓகே," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

மறுநாள் காலையில் அருள்நேசன் ஒரு வீட்டு பொயிலரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்துவது அவன் தொழில். அந்த வீட்டுக்காரி கம்சிகா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வெளியே உறைபனி. வீட்டுக்குள்ளும் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, குழந்தையைப் போர்வையால் சுற்றி வைத்திருந்தாள்.

"அண்ணை, இண்டைக்கு சரிவருமோ?"

"ஓம் தங்கச்சி. உள்ளுக்க ஃபேன் பழுதாப் போச்சு. கடையில எடுத்துக்கொண்டு ஓடியாறன்."

உதிரிப்பாகக் கடையில் அவனது அட்டை வேலை செய்யவில்லை. மறுபடி போட்டான். மறுபடியும் மறுத்தது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். சாமானை மேசையிலேயே வைத்துவிட்டு வேனுக்குள் போய் வங்கிக்குத் தொலைபேசி எடுத்தான். உங்களோடு தொலைபேசியில் இதைப் பேச முடியாது, கடவுச்சீட்டோடும் மனைவியோடும் கிளைக்கு வாருங்கள், இருவரோடும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றார்கள்.

தனித்தனியாக என்ற சொல்லை அவன் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அவன் பிரான்சில் பல வருடம் இருந்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்தவன். இங்கே இருப்பதற்கான அனுமதி அவனுக்கு உண்டு. ஆனால் அது ஏதோ ஒரு கணினிக்குள் இருக்கிறது. கையில் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அங்கே யாரோ ஒரு பட்டனை அழுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்குள் எப்போதும் கிடந்தது. இப்போது அது தலைதூக்கியது.

இசபெல்லுக்குத் தொலைபேசி எடுத்தான். "எங்கட கணக்கைப் பூட்டிப் போட்டாங்கள். என்ர ஸ்ரேற்றஸ்ல, இஞ்ச இருக்கிற அனுமதியில, ஏதோ பிரச்சினை போல. உடன வெளிக்கிடும், வாறன்."

உண்மையைச் சொல்லத்தான் இசபெல் வாயைத் திறந்தாள். ஆனால் "சரி, வாங்கோ," என்றுதான் சொன்னாள்.

அவன் வீட்டுக்கு வந்து, வேலை உடுப்பை மாற்றி, கலியாண வீடுகளுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டான். இருந்த பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அடைத்தான். வங்கிக் கிளை இருந்த குரொய்டனுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான்.

"போன முறை ஊரில நாள் கூட நிண்டிட்டனோ? இல்லாட்டி என்னைப் பற்றி ஆரும் பெட்டிசம் எழுதிப் போட்டிச்சினமோ? வரி எல்லாம் ஒழுங்காக் கட்டினன்தானே?"

"ஒண்டுமிராது," என்றாள் இசபெல்.

"ஒண்டுமில்லாமல் ஏன் தனித்தனியா விசாரிக்க வேணும்? கடவுளாணை நான் ஒரு பிழையும் செய்யேல்லை, இசபெல்."

சிவப்பு விளக்கில் வேன் நின்றது. அவன் பத்திரப் பையைத் திறந்து கடவுச்சீட்டு இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தான். மாதாவே, இந்த ரோட்டு முடியாமலே இருக்கட்டும் என்று அவள் மனதுக்குள் மன்றாடினாள். விளக்கு பச்சைக்கு மாறியது.

கிளையில் அவர்களை எதிர்கொண்டவள் ஓர் இளம்பெண். சட்டையில் றொஷானி என்று பெயர் குத்தியிருந்தது. தமிழ்ப் பிள்ளை. இசபெல்லுக்கு இன்னொரு பயம் பிடித்தது. இவள் யாருடைய மகளோ, எந்தக் கோயிலுக்குப் போகிறவளோ, நாளைக்கு ஊரெல்லாம் தெரிந்துவிடுமே.

றொஷானி அருள்நேசனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இசபெல்லைக் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சிறிய அறைக்குள் கூட்டிப்போனாள்.

"அன்ரி, நான் தமிழெண்டு யோசிக்காதேங்கோ. இஞ்ச கதைக்கிறதை வெளியில சொன்னா என்ர வேலை போயிடும். வேற ஆள் வேணுமெண்டாலும் ஒழுங்கு செய்யலாம்."

வேண்டாம் என்று இசபெல் தலையை ஆட்டினாள்.

"உங்கட கார்ட்டில காசை எடுத்து அங்கிள் கேம்பிள் பண்ணுறார் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். அவரிட்டப் பயமோ எண்டு கேட்க நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அதான் கேக்கிறன். வீட்டில நீங்கள் சேஃப்பா இருக்கிறீங்களோ? பயமெண்டா அவரோட திரும்பிப் போகத் தேவையில்லை. தங்க இடம் இருக்கு. போலீசுக்குச் சொல்லவும் உதவி செய்வம்."

போலீஸ். இசபெல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அருள்நேசன் முழங்கால்கள் இரண்டையும் ஒட்டவைத்து, பத்திரப் பையை மடியில் அணைத்தபடி இருந்தான். யாராவது கடந்து போனால் எழும்ப முயன்றான். பிறகு திரும்ப இருந்தான். தன்னைப் பற்றித் தன் மனைவி என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியாமல், செய்யாத ஏதோ ஒரு பிழையைத் தன் வாழ்க்கைக்குள் தேடிக்கொண்டிருந்தான். இன்னொரு முறை பேசாமல் இருந்தால் இந்த மனிதனை யாரோ வந்து கூட்டிப்போவார்கள். மறைத்தது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

"அவரில்லை, பிள்ளை," என்றாள். "நான்தான். எல்லாம் நான்தான். அவருக்கு ஒண்டும் தெரியாது. அவர் என்னை ஒரு நாளும் ஏசினதுகூட இல்லை."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. றொஷானி அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நாங்கள் மெசேஜ் போட்டது உங்களைப் பிடிக்க இல்லை, அன்ரி. நிப்பாட்ட உதவி செய்யத்தான்," என்றாள். "ஆனா இதை அங்கிளுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்."

அருள்நேசன் உள்ளே வந்து, இருக்காமல் நின்றான். இசபெல் அவன் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப என்ர ஸ்ரேற்றஸ்ல பிரச்சினை இல்லையோ?" என்பதுதான் அவன் முதலில் கேட்டது. இல்லை என்றதும் கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்தான். சற்று நேரம் கழித்துத்தான் மற்றதெல்லாம் அவனுக்கு உறைத்தது.

"வேன் காசோ?"

"ஓம்."

"நான் எடுக்கிறன் எண்டு சொன்னீரோ?"

"ஓம்."

"நான் அடிக்கிறன் எண்டும் சொன்னீரோ?"

"சொல்லேல்லை. அவை கேட்டவை. அடிக்கிறேல்லை எண்டும் நான் சொல்லேல்லை."

றொஷானிதான் அடுத்து செய்ய வேண்டியதைச் சொன்னாள். இருவரும் கையொப்பமிட்டால் கணக்குத் திறக்கும். இசபெல்லின் அட்டையிலிருந்து சூதாட்டத்துக்குப் பணம் போகாமல் இப்போதே தடுக்கலாம், மனம் மாறினாலும் உடனே எடுக்க முடியாது. தளங்களிலிருந்தும் தன்னை விலக்கிக்கொள்ளலாம். பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், தமிழிலும் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் இசபெல் ஓம் என்றாள். தடுப்பைத் தன் விரலாலேயே போட்டாள்.

திரும்பும் வழியில் அருள்நேசன் கடையில் நிறுத்திச் சாமானை எடுத்தான். "அந்தப் பிள்ளை பச்சைக் குழந்தையோட குளிருக்க இருக்கு. நீரும் வாரும்," என்றான்.

கம்சிகா தேநீர் வைக்கப் போனபோது இசபெல் குழந்தையை வாங்கித் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டாள். அதன் மூக்கு நுனி சில்லென்றிருந்தது. சமையலறையிலிருந்து ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு பொயிலர் உறுமி எழுந்தது. மெல்ல மெல்ல அறை சூடேறியது. குழந்தையின் கைகள் போர்வைக்கு வெளியே வந்தன. போகும்முன் அருள்நேசன் கூரையில் இருந்த, நச்சு வாயு கசிந்தால் சத்தமிடும் காஸ் அலாரத்தை அழுத்திப் பார்த்தான். அது கீச்சிட்டது. குழந்தை திடுக்கிட்டு அழுதது.

வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது இசபெல் பேசினாள்.

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. சூது காசை மட்டும்தான் எடுக்கும் எண்டு நினைச்சன். அதை ஒளிக்கப்போய் உங்களைக் காட்டிக் குடுத்திட்டன்."

அருள்நேசன் கருவிப் பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான்.

"எனக்கு இன்னும் கோவம் போகேல்லை, இசபெல். போக நாளெடுக்கும். ஆனா ஒண்டு சொல்லுறன், கேளும். காஸ் அலாரம் அடிச்சா சத்தமாத்தான் இருக்கும், பயமாத்தான் இருக்கும். அது வீட்டில இருக்கிற சனத்தைக் காப்பாத்தத்தான் அடிக்குது. சத்தத்துக்குப் பயந்து பற்றரியைக் கழட்டினா, வீட்டில எல்லாரும் நித்திரையிலயே போயிடுவினம். உமக்குப் பாங்க் மெசேஜ் போட்ட அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருந்தா காசோட மட்டும் போயிருக்கும். எச்சரிக்கை வந்தா ஒளிக்கக் கூடாது. வீட்டில இருக்கிற ஆளை எழுப்ப வேணும்."