நாலு புள்ளி இரண்டில் போன தூக்கம்

நாலு புள்ளி இரண்டு வெளியான வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, லிஃப்ட்காரரின் தூக்கம் அவரைவிட்டுப் பிரிந்து ஒரு கன்டெய்னர் இமேஜுக்குள் போய்ச் சேர்ந்தது. ஏழாவது லேயர், எடை பதினொரு மெகாபைட். நல்ல தூக்கம்தான். நாளுக்கு ஏழு மணிநேரம் குறையாமல் வந்துகொண்டிருந்தது, நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கும் பழக்கம்கூட அவருக்குக் கிடையாது. அதைப் பொட்டலம் கட்டி அனுப்பியது வேறு யாரும் இல்லை, அவர் மனைவிதான். அலுவலகத்தில் அவளை எல்லோரும் பில்ட் அக்கா என்பார்கள். அவர்களுக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருக்கும் நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

பில்ட் அக்காவின் வேலையைப் பற்றி எங்கள் குடியிருப்பில் ஆளுக்கொன்று சொல்வார்கள். விஷயம் அவ்வளவு சிக்கலானதல்ல. அவள் கம்பெனி, ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொரு இயந்திரத்துக்குச் செய்தி கொண்டுபோகும் சர்வர் மென்பொருள் ஒன்றைச் செய்கிறது. எழுதுகிறவர்கள் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய சாமான் சட்டிகளையெல்லாம் சேர்த்து, லேயர் மேல் லேயராக அடுக்கி, எந்த ஊர் இயந்திரத்தில் பிரித்தாலும் ஒரே மாதிரி ஓடும்படி ஒரு பொட்டலமாக்குவது, அதாவது பில்ட் செய்வது, இவள் பொறுப்பு. அந்தப் பொட்டலத்துக்குத்தான் இமேஜ் என்று பெயர். அதன்மேல் நாலு புள்ளி இரண்டு என்பதுபோல் ஒரு பதிப்பு எண்ணை ஒட்டி, ரெஜிஸ்ட்ரி என்ற பொதுக் கிடங்கில் வைத்துவிட்டால், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்வார்கள். இதை அலுவலகத்தில் அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில்தான் கட்ட வேண்டும், மனிதர்கள் புழங்கும் வீட்டில் வைத்துக் கட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சேருகிற அன்றே சொல்லித் தருவது. அந்த வாரம் பார்த்து அந்த இயந்திரம் படுத்துவிட்டது. வெளியீட்டுத் தேதிகளைக் கவனிக்கும் மேலாளர் ஒருவர் இருந்தார், தேதிக்காரர் என்றே அவருக்குப் பெயர். வானம் இடிந்து விழுந்தாலும் வியாழக்கிழமை வியாழக்கிழமைதான் என்று அவர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அவள் தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து உட்கார்ந்தாள். எதையெல்லாம் உள்ளே எடுக்க வேண்டும் என்று சொல்லும் வரியில் ஒரு புள்ளி வைத்தாள். இங்கே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். எதை விட்டுவிட வேண்டும் என்று ஒரு பட்டியலும் கூடவே இருந்தாக வேண்டும். அது அலுவலக இயந்திரத்தில் இருந்தது, வீட்டில் இல்லை. இவளுக்கு அது ஞாபகமும் வரவில்லை. லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் காலை வேலை முடித்து வந்த லிஃப்ட்காரர் மூன்றடி தள்ளி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டது. எல்லாச் சோதனையும் பாஸ். லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்து, யார் என்னை எழுப்பியது என்று கேட்டார். யாரும் எழுப்பவில்லை.

மறுநாளே புகார்கள் வரத் தொடங்கின. ஒரு வங்கியில் கடன் பிரிவு மொத்தமும் பட்டப்பகலில் இடது பக்கம் சாய்ந்து, கன்னத்துக்கடியில் கை வைத்துத் தூங்கியது. பிறந்ததிலிருந்து குறட்டை விடாதவர்கள்கூடக் குறட்டை விட்டார்கள், அதுவும் கடைசியில் ஒரு சின்ன விசில் சத்தத்தோடு. ஒரு கப்பல் கம்பெனியில் மூன்று பேர் தூக்கத்தில், மூணாவது மாடி, கதவைப் பாத்து, என்று முணுமுணுத்தார்களாம். புகாரைப் படித்ததுமே அது யாருடைய தூக்கம் என்று பில்ட் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த விசிலை முழங்கையால் இடித்து இடித்து பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். சனிக்கிழமை காலை ரெஜிஸ்ட்ரியிலிருந்து நாலு புள்ளி இரண்டை நீக்கிவிட்டாள். அதற்குள் நானூற்று இருபது பிரதிகள் வெளியே போய்விட்டன. கிடங்கைக் காலி செய்தால், வாங்கிக்கொண்டு போனவன் வீட்டிலிருந்து சாமான் திரும்பி வருமா?

அவள் சும்மா இருக்கவில்லை. தூக்கத்தை அழிக்கச் சொல்லி மேலே இன்னொரு லேயர் போட்டுப் பார்த்தாள். அழுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற கதைதான், மேலே வெள்ளை, அடியில் இருப்பது அடியிலேயே இருக்கிறது. எடைகூடக் குறையவில்லை. சரி, அந்த இமேஜையே வீட்டில் ஓட்டினால் அவருக்குத் தூக்கம் வருமா என்றும் பார்த்தாள். அன்றைக்கு எங்கள் குடியிருப்பே குறட்டை விட்டது. லிஃப்ட்காரர் ஒருவர்தான் முழித்திருந்தார். அவர் கீழே இறங்கி வந்து எங்கள் வீட்டு அடுப்பை அணைக்காமல் இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். பிறகு அலுவலக இயந்திரம் சரியானதும் நாலு புள்ளி மூன்றைச் சுத்தமாகக் கட்டி வெளியிட்டாள், பட்டியலை மூன்று தடவை சரிபார்த்து. அந்த வங்கி திங்கட்கிழமையே மாறிக்கொண்டது. அன்று லிஃப்ட்காரர் பஸ்ஸில் எட்டு நிமிஷம் கண்ணயர்ந்தார். வங்கியில் இருந்தவை எட்டுப் பிரதிகள். ஏழு மணிநேரம் என்பது நானூற்று இருபது நிமிஷம், வெளியே போனதும் நானூற்று இருபது. ஒரு பிரதி நின்றால் ஒரு நிமிஷம் திரும்பி வரும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், கணக்கு சரியாக இருந்தது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்றார்கள் சிலர். சிலருக்கு அந்தத் தூக்கம் ருசித்துவிட்டது. அவர்களிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், லீவு போட்டு நேரில் போய்த் தானே மாற்றிக் கொடுத்தாள். இங்கே லிஃப்ட்காரரை லிஃப்ட் குழியில் இறங்கக் கூடாது என்று அவர் கம்பெனி சொல்லிவிட்டது. தூங்காத மனிதனை ஆறு மாடி உயரத்தில் கம்பிக் கயிற்றுக்குப் பக்கத்தில் யார் விடுவார்கள்? லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆள் வரும்வரை போனில் தைரியம் சொல்லும் மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த மேசையை அவர் வெறுத்தார். குழியில் இறங்கினால்தான் தனக்கு மூச்சே சீராக வரும் என்பார். முகம் உப்பிப் போயிற்று, பேச்சு குறைந்தது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. ஆனால் உன்னால்தான் என்று ஒரு நாளும் மனைவியிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று பில்ட் அக்கா என் மனைவியிடம் அழுதிருக்கிறாள்.

மூன்றாம் வருஷம் மூன்று மணிநேரம் வந்தது. ஐந்தாம் வருஷம் ஐந்து மணி பத்து நிமிஷம் வந்து, அதோடு நின்றுவிட்டது. மிச்சம் நூற்றுப் பத்துப் பிரதிகள், அத்தனையும் ஒரே இடத்தில் இருந்தன. அது ஒரு தீக்காய மருத்துவமனை. நூற்றுப் பத்துப் படுக்கை, ஒவ்வொரு படுக்கை ஓரத்திலும் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பிரதி ஓடி, நோயாளியின் இதயத் துடிப்பை நர்ஸ் மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை.

ஆறாம் வருஷம் நாலு புள்ளி இரண்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தார்கள். பழைய பதிப்புகளுக்கு ஓட்டை அடைத்துத் தருவதில்லை என்பது கம்பெனி விதி. முப்பது நாளில் புதியதற்கு மாறியாக வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று தேதிக்காரர் மருத்துவமனைக்கு எழுதினார். இனி அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. ஆறு மணிநேரத் தூக்கம் இருந்தால் குழிக்கு அனுப்பலாம் என்று லிஃப்ட் கம்பெனி டாக்டரும் ஒத்துக்கொண்டார். லிஃப்ட்காரர் பரணிலிருந்து கருவிப் பையை இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டார். அந்த முப்பது நாளும் அவர் சிரித்த முகமாக இருந்ததை நாங்களே பார்த்தோம். பதிப்பை மாற்றிக் கொடுக்க மனைவி கிளம்பியபோது அவரும் கிளம்பினார், ரயில் நிலையத்துக்குப் போய்த் தன் பெட்டி படுக்கையைத் தானே எடுத்துவரப் போகிறவர்போல.

அவர்கள் போனது பிற்பகலில். காலையில் நோயாளிகளின் புண்களுக்குப் பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். அந்த வலி எப்படிப்பட்டது என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நீளமான கூடம், இரண்டு வரிசைப் படுக்கைகள். முடிந்தவர்கள் எல்லோரும் இடது பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னத்துக்கடியில் வைக்கக் கை சரியாக இருந்தவர்கள் கையை வைத்திருந்தார்கள். கூடம் முழுக்க ஒரே குறட்டை, கடைசியில் அந்தச் சின்ன விசில். பில்ட் அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றுவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரவு முழுக்கத் தன் பக்கத்தில் கேட்ட சத்தம். மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

தலைமை நர்ஸ் வந்தார். கட்டையான, களைத்த பெண்மணி. உட்கார்ந்தாலோ படுத்தாலோதான் அந்தத் தூக்கம் ஆளைப் பிடிக்கும், அதனால் அங்கே நர்ஸ்கள் உட்காருவதே இல்லை. விஷயம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கடிதங்களை வேண்டுமென்றேதான் மேசைக்குள் போட்டுப் பூட்டியதாக ஒளிக்காமல் சொன்னார்.

"மருந்துக்கு ஒரு அளவு இருக்கு சார், அதுக்கு மேல குடுத்தா மூச்சு நின்னுடும். உங்க தூக்கத்துக்கு அப்படி எதுவும் இல்ல. இப்ப எடுக்கணும்னாலும் எடுங்க, அது உங்களோடது. ஆனா ஒரு தடவை இந்த வார்டைச் சுத்திப் பாத்துட்டு எடுங்க."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தது. நான் என்ன தர்ம சத்திரமா நடத்துகிறேன், ஆறு வருஷமாக என் வேலை போய் மேசையில் உட்கார்ந்திருக்கிறேனே, அதை யாராவது சுற்றிப் பார்த்தார்களா என்று நர்ஸிடம் கத்தினார். ஒருவரும் விழிக்கவில்லை, தூக்கம் அவ்வளவு கெட்டி. பன்னிரண்டாம் படுக்கையில் ஒரு வெல்டர் மட்டும் தூக்கத்திலேயே, மூணாவது மாடி, என்றார். கதவைப் பாத்து, என்று லிஃப்ட்காரர் தன்னையறியாமல் சொன்னார். அந்த வெல்டர் இங்கே சேருவதற்கு முன்னால் வேறு மருத்துவமனையில் பதினாறு நாள் கண் மூடாமல் கிடந்தவர் என்று நர்ஸ் தணிந்த குரலில் சொன்னார். பதினாறு நாள் தூங்காமல் இருப்பது என்னவென்று அந்தக் கூடத்தில் நின்றவர்களில் லிஃப்ட்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெளியே போய் லிஃப்டில் ஏறினார். மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். நாலு தடவை அப்படிப் போய்வந்தார் என்று மருத்துவமனை வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அந்த ஓட்டைய மட்டும் மேல இருந்து அடைக்க முடியுமா? அடியில இருக்குறதைத் தொடாம?"

முடியும் என்றாள் மனைவி. உடனே, ஏங்க, உங்க வேலை, என்று தொடங்கினாள்.

"அஞ்சு மணிநேரம் வருதில்ல. அத வச்சுக்கிறேன். மிச்சத்த எனக்கு வேணும்னா அப்ப கேக்குறேன்."

 வீடு வரும்வரை பஸ்ஸில் லிஃப்ட்காரர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. கருவிப் பையைப் பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதைக் கொடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை.

விதி விதிதான் என்று தேதிக்காரர் குதித்தார். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகப் பழைய பதிப்பைத் தாங்கிக்கொண்டிருக்க முடியாது என்றார். அந்த மருத்துவமனைக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள், வந்து சொல்லுங்கள் என்றாள் பில்ட் அக்கா. போனார். ஒரு முழுப் பிற்பகல் அங்கே நாற்காலியில் தூங்கிவிட்டு வந்து, சரி, கட்டுங்கள் என்றார். அவள் ஏழாவது லேயரைத் தொடாமல், மேலே ஓட்டையை அடைத்து, நாலு புள்ளி இரண்டு புள்ளி ஒன்று என்று எண்ணிட்டு வெளியிட்டாள். இப்போது அது முப்பத்தேழாவது திருத்தத்தில் இருக்கிறது, மாதாமாதம் அலுவலக இயந்திரத்திலேயே கட்டுகிறாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் தேதிக்காரர் பிடிவாதமாக இருந்தார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் எதிரே அதன் ஆதரவு எந்தத் தேதிவரை என்று போட வேண்டும், கட்டம் காலியாக இருக்கக் கூடாது. போய்ப் பாருங்கள், இன்றைக்கும் இருக்கிறது. நாலு புள்ளி மூன்று முடிந்துவிட்டது, ஐந்துக்கும் ஆறுக்கும் தேதி போட்டிருக்கிறார்கள். நாலு புள்ளி இரண்டுக்கு எதிரே, உரியவர் திருப்பிக் கேட்கும்வரை, என்று இருக்கும். அவர் இதுவரை கேட்கவில்லை.