மொட்டை மாடிக் கேமரா

துக்கம் விசாரிக்க வந்தவர் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். இன்னும் என்னால் அதை ஜீரணிக்க முடியவில்லை.

விண்கல் பதிவுசெய்ய வானியல் சங்கம் கொடுத்த கேமராவை அண்ணன் எங்கள் மொட்டை மாடியில் பொருத்தியிருந்தான். இருட்டினால் அது தானே விழித்துக்கொள்ளும். வானத்தில் எது கோடு கிழித்தாலும் பிடித்து வைக்கும். விமானம், வௌவால், பூச்சி எல்லாமே அதற்கு விண்கல்தான். காலையில் கணினி முன் உட்கார்ந்து அவற்றைக் கழிப்பது என் வேலை. "அரிசியில கல்லு பொறுக்கற மாதிரிதான். என்ன, இங்க கல்லுதான் வேணும்" என்பான் அண்ணன்.

அவன் போன மறுவாரம் சங்கச் செயலாளர் வந்தார். "ஈடு செய்ய முடியாத இழப்பும்மா" என்றார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் ஆளைக் காணோம். இருட்டிவிட்டிருந்தது. மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. மாடிக்கு ஓடி விளக்கைப் போட்டால், கேமராவின் மேல் குனிந்து கழற்றிக்கொண்டிருக்கிறார்!

"என்ன சார் பண்றீங்க?"

"இல்லம்மா... ஆளில்லாம சும்மா கிடக்குமேன்னு..."

"ஆளே வேண்டாம், எல்லாம் தானியங்கின்னு மேடையில முழங்கினீங்களே! அன்னிக்கு எங்க அண்ணன் பேரைக்கூடச் சொல்லல. அவன் செத்ததும் இதுக்கு ஆள் தேவைப்படுதா?"

"பொறுப்பாளர்னு ஒருத்தர் வேணும்ல?"

"நான் இருக்கேனே. இத்தனை வருஷமா வௌவாலைக் கழிச்சு அனுப்பினது யாருன்னு நினைச்சீங்க?"

"அது... உங்க அண்ணன்னு..."

ஒவ்வொரு மின்னஞ்சலின் கீழும் அண்ணன் தன் பேரோடு என் பேரையும் போடுவான். இவர் கண் அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை.

"கழட்டினதை மாட்டுங்க சார்."

மாட்டினார். அதற்குள் கேமரா சாய்ந்துவிட்டது. நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அண்ணன் நிறுத்திய கோணம் நொடியில் போயிற்று. அதைச் சரிசெய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "நீங்களே பொறுப்பாளரா இருக்கலாமான்னு கமிட்டியில கேட்டுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. நானும் காத்திருக்கவில்லை.

அவர் வந்துபோன மறுநாள் காலையே கணினியைத் திறந்தேன். முதல் பதிவே, மாடி விளக்கில் மின்னிய செயலாளரின் வழுக்கை. வானத்தின் குறுக்கே போன பேரொளி என்று நம்பி அதையும் பிடித்து வைத்திருந்தது கேமரா. அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்கல் அல்ல என்று குறித்து, பூச்சிகளோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, அடுத்த பதிவைத் திறந்தேன்.