எட்டாவது நூல்

ஞாயிறு காலை துர்காதேவியின் வெள்ளைக் காரில் ஏழு இடங்களில் சிவப்புப் பட்டு நூல் தொங்கியது. கிளட்ச் மிதியில் ஒன்று, ஏசி பொத்தானில் ஒன்று, துருப்பிடித்த கதவோரத்தில் ஒன்று என்று. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டே போனார்.

வேண்டுதலாவது ஒன்றாவது. துர்காதேவிக்குத் தெரிந்த வேலை அதுதான். பதினாலு வருஷமாகப் பட்டுக்கடை ஒன்றில், நெசவாளிகள் கொண்டுவரும் புடவையைப் பிரித்துப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு நூல் கட்டிக் கூலியில் பிடிப்பவள். குறையை நெய்தவரே காட்டிவிட்டால் ஒத்தைப் பிடித்தம். காட்டாமல் இவள் கண்ணில் பட்டால் இரட்டைப் பிடித்தம். "நான் பாக்கலைம்மா" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒருவரையும் அவள் நம்பியதில்லை.

இப்போது அந்த வேலையை விடப்போகிறாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் அறை பார்த்திருந்தாள், புடவைக்குக் குஞ்சம் கட்டும் கடை போட. அட்வான்ஸ் ஒரு லட்சம், திங்கள் சாயங்காலத்துக்குள் தரவேண்டும். தவறினால் அறை வேறு ஆளுக்கு. விற்பதற்கென்று அவளிடம் இருந்தது இந்தக் கார் மட்டும்தான்.

புரோக்கர் சிட்டிபாபு முந்தின நாளே வந்து எண்பதாயிரம் என்றான். அதுவும் என்ஜின் சத்தம் கேட்காதபடி கெட்டி ஆயில் ஊற்றி, துருவின் மேல் பெயிண்ட் அடித்து, வாயைத் திறக்காமல் இருந்தால்தானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு வேறு ஆளைப் பார் என்று துர்காதேவி அனுப்பிவிட்டாள். நல்ல நிலையில் இந்த வண்டி ஒன்றரை லட்சம் போகும். ஏழு குறையையும் சரிசெய்ய நாற்பத்தாறாயிரம் என்று இரண்டு மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, ஒரு லட்சத்து நாலாயிரம். ஒரு ரூபாய் குறைக்கமாட்டேன் என்று முடிவு கட்டினாள்.

பதினோரு மணிக்குப் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வீரபாகு. அவரைக் கண்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷத்துக்கு முன் அவர் கொண்டுவந்த மாம்பழ மஞ்சள் புடவையில், முந்தானைக்குப் பக்கத்தில் இழை விட்டுப்போயிருந்தது. நானூறு பிடிக்க வேண்டியதற்கு எண்ணூறு பிடித்தாள். பாக்கலை என்று அவரும் சொல்லிப்பார்த்தார். அதற்கப்புறம் அந்தக் கடைப் படி அவர் ஏறவில்லை.

வீரபாகு நூலைப் பார்த்தார், விலையைக் கேட்டுக்கொண்டார். புடவையைப் பிரிப்பதுபோல் நிதானமாக வண்டியைச் சுற்றிவந்தார். ஏழையும் தொட்டுப்பார்த்தார். கடைசியில் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துத் திருப்பினார். உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

துர்காதேவிக்கு முகம் செத்துவிட்டது. வண்டி வாங்கிய ஆறு வருஷத்தில் அந்த டயரை அவள் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியுமா?

"நூல் இருக்குதாம்மா?" என்றார் வீரபாகு.

நூல்கண்டிலிருந்து ஒரு துண்டு அறுத்து நீட்டினாள். அவரே கட்டினார்.

"புது டயர் மூவாயிரத்தைந்நூறு. எவ்ளோ புடிக்கட்டும்?"

ஒத்தை என்றால் அறை கிடைக்கும். இரட்டை என்றால் தொண்ணூற்றேழாயிரம், அறை போய்விடும். இது கடையில்லையே, கார்தானே என்று வாதாடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பதினாலு வருஷமாக ஊரார் கூலியில் பிடித்த கை, தனக்கு மட்டும் சுருங்கினால் அதைவிடக் கேவலம் உண்டா?

"ஏழாயிரம் புடிச்சிக்கோங்கண்ணா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள். "ஆனா நான் மறைக்கல. சத்தியமா பாக்கல."

"தெரியும்மா. அன்னிக்கி நானும் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னார். சட்டைப்பையிலிருந்து கட்டுகளை எடுத்து பானெட்டின் மேல் எண்ணி வைத்தார். ஒரு லட்சத்து ஐந்நூறு. ஒத்தைப் பிடித்தம்.

துர்காதேவி வெட்கத்தில் நிமிராமலே அதிலிருந்து நாலு நூறு ரூபாய்த் தாளை உருவி அவர் கையில் வைத்தாள். பழைய எண்ணூறில் பாதி என்று அவருக்கு விளங்கியது; மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அட்வான்ஸ் போக அவளுக்கு நூறு ரூபாய் மிச்சம்.