காப்புத் தகடு

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவை ஆலைக்குள் மூச்சு முட்டும். ஈரப் போர்வைகளைத் தோளில் சுமந்து வந்து, கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விளிம்பைக் கொடுக்க வேண்டும். மறுபுறம் சுருக்கமில்லாமல் வந்து விழும். நேற்று போர்வையோடு என் தங்கையின் வலது கையும் உள்ளே போனது. மூன்று விரல்கள் போயின.

கை போகாமல் தடுக்க ஒரு காப்புத் தகடு இருந்தது. வேலை மெதுவாகிறது என்று முதலாளி கழற்றச் சொன்னார். கழற்றியவன் நான்தான். முணுமுணுத்தவர்களிடம், “பொறுத்துப் போவோம், இயேசுவோட சீஷனுக்கு அதுதான் அழகு” என்று வாயை அடைத்தவனும் நான்தான். சும்மாவா என்னைப் ‘பிரசங்கியார்’ என்று கிண்டல் செய்கிறார்கள்! கழற்றிய நான்கு போல்ட்டுகளும் நேற்றிலிருந்து என் சட்டைப் பையில் கிடக்கின்றன. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை.

முதலாளி வழக்கம்போல் காலை ஜெபத்தை முடித்தார்.

“அவங்கவங்க சிலுவையை அவங்கவங்கதான் சுமக்கணும். பிரசங்கியாரே, மெஷினைப் போடுங்க.”

“இயேசு தன் தோள்ல சுமந்தாருங்க. அடுத்தவங்க தோள்ல ஏத்தி வைக்கல.”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அதற்குள் தங்கையின் கணவர் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். “தள்ளுங்க மச்சான்! இவரு மண்டையைப் பொளக்கறேன்!”

குறுக்கே நின்றேன். அந்த அடி விழட்டும் என்று என் மனதின் ஒரு மூலையும் கேட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அதைக் குடுங்க மாப்பிள்ளை. வேலை இருக்கு.”

“இன்னும் பொறுக்கச் சொல்றீங்களா?”

“இல்ல. பொறுக்கவும் வேணாம், அடிக்கவும் வேணாம்.”

ஸ்பேனரை என் கையில் வைத்தார். மூலையில் கிடந்த தகட்டை உருளைவரை இழுத்து வந்தேன். ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை சரிந்தது.

“அதைத் தொடுறவனுக்கு நாளையிலேருந்து வேலை கிடையாது!” என்று முதலாளி கத்தினார்.

யாரும் அசையவில்லை. எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. மாப்பிள்ளைதான் முதலில் வந்து மறுமுனையைத் தூக்கினார். அடுத்து, போர்வை மடிக்கும் அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“தள்ளுங்க பிரசங்கியாரே. பேசத் தெரிஞ்ச அளவுக்கு உங்களுக்குத் தூக்கத் தெரியல.”

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

“யார் யாருன்னு பாத்து வச்சுக்கறேன்” என்றார் முதலாளி.

“நல்லாப் பாத்துக்குங்கய்யா. எல்லாரும்தான்” என்றாள் அக்கா.

நாளை ஆலைக் கதவு எங்களுக்குத் திறக்குமா, தெரியாது. முதல் போல்ட்டை வைத்தேன். அந்தத் தகட்டைப் பிடிக்க நாலு கை போதும். இத்தனை கைகளுக்கு நடுவே ஸ்பேனரைத் திருப்பக்கூட எனக்கு இடமில்லை.