அப்பா பெயரில் ஒருத்தி

பென்ரோஸில் பழைய கம்பளக் கிடங்கு ஒன்றுக்குள் நடக்கும் அந்தச் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு லக்ஷிகாக்கள் இருந்தார்கள். வகுப்புக்கு வந்தது என்னவோ ஒருத்திதான். ஆனால் கணினியில் இரண்டு பேர். கணினி சொல்லிவிட்டால் அப்புறம் யார் பேசுவது!

சார்ட்டர் பள்ளிக்குக் கொஞ்சம் சுதந்திரம் அதிகம். பாடத்தைத் தன் போக்கில் நடத்திக்கொள்ளலாம். பதிலுக்கு, எந்த இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று வருடா வருடம் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். அந்த வேலை ஸ்வர்ணாவுடையது. திருச்சியிலிருந்து வந்து நான்கு வருடமாக இந்தப் பள்ளியின் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறாள். மாவோரி, சமோவா, டோங்கா, சீனர், இந்தியர் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தவள், இலங்கைத் தமிழர் என்ற இடத்தில் நின்றாள். மாணவர் இரண்டு. தேர்ச்சி பூஜ்யம்.

ஜனவரி, இந்த நாட்டில் கோடை விடுமுறை. பள்ளி முழுக்க வெயிலும் வெளியே சில்வண்டுகளின் ரீங்காரமும்தான். அந்தச் சத்தத்தில் ஸ்வர்ணாவுக்குக் கண் செருகியது. அரைத் தூக்கத்தில் இரண்டு பெண்கள் ஒனிஹங்கா ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ஒரே பை, ஒரே சீருடை. ஒருத்தி இறங்கும்போது மற்றவள் இறங்கவில்லை. கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டே போய்விட்டாள். ரயிலும் சத்தமே இல்லாமல் போனது.

திடுக்கிட்டு விழித்தவள் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பிறந்த தேதி ஒன்று. முகவரியும் ஒன்று. ஒருத்தி இராசரத்தினம் லக்ஷிகா, இன்னொருத்தி லக்ஷிகா இராசரத்தினம்.

"அட ராமா!" என்று வாய்விட்டே சிரித்தாள்.

வேறு யாருக்கும் இது புரிந்திருக்காது. சேர்க்கைப் படிவத்தில் ஊர் வழக்கப்படி அப்பா தன் பெயரை முன்னால் போட்டிருக்கிறார். அது முதற்பெயர் கட்டத்தில் விழுந்துவிட்டது. ஸ்வர்ணாவையும் வங்கிக்காரர்கள் "ஹலோ வரதராஜன்" என்றுதானே கூப்பிடுகிறார்கள்! ஒவ்வொரு தடவையும் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்க்கத் தோன்றும். இரண்டாவது பதிவு, பள்ளி விட்ட பிறகு நடக்கும் ஓவிய வகுப்புடையது. அந்தப் படிவத்தைப் பெண் தானே நிரப்பியிருந்தாள்.

மேல் வகுப்புக்குப் போக அறுபது கிரெடிட் புள்ளிகள் வேண்டும். அப்பா பெயர்க்காரியிடம் நாற்பத்திரண்டு. ஓவியக்காரியிடம் இருபத்தாறு. கூட்டினால் அறுபத்தெட்டு! ஸ்வர்ணாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேறவில்லை என்று கடிதம் போய், பள்ளியை விட்டு நிற்பதற்குக் கையெழுத்துப் போட அப்பாவும் மகளும் இன்று மூன்று மணிக்கு வருகிறார்கள். பதிவுகளைச் சேர்க்கும் படிவத்தையும் இரண்டு மதிப்பெண் பட்டியல்களையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மகள்தான் முதலில் வந்தாள். அப்பா வேனை நிறுத்தப் போயிருந்தார். ஸ்வர்ணா விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது.

"நோ, மிஸ். ப்ளீஸ். சேர்க்க வேண்டாம்."

"சேர்க்கலேன்னா நீ ஃபெயில்மா."

"அப்பாக்குத் தெரியாது. அவருக்கு நான் பிசிக்ஸ்தான் படிக்கோணும். பிசிக்ஸ் எக்ஸ்ட்ரா கிளாஸ் எண்டு சொல்லித்தான் பெயின்டிங்குக்குப் போனனான். ஐ வுட் ராதர் ஃபெயில், மிஸ்."

படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அட்டவணை இன்று ஐந்து மணிக்கு அரசுக்குப் போய்விடும். அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. இந்தப் பிள்ளைக்குத் தோற்பதைவிட அப்பாவிடம் சொல்வதா பெரிய பயம் என்று ஸ்வர்ணா நினைத்தாள். மூன்று தாள்களையும் அவள் கையில் திணித்தாள்.

"நீயே குடு. இல்லேன்னா கிழிச்சுப் போடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

இராசரத்தினம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பெரிய உடம்பு, வேலைச் சட்டை, வியர்வை. "என்ன தங்கச்சி, எங்கை சைன் வைக்கிறது?" என்றார்.

லக்ஷிகா முதல் பட்டியலை நீட்டினாள். வாசித்தார். பிசிக்ஸ், தேறவில்லை. அதற்குக் கீழும் தேறவில்லை. சில்வண்டுகள் ஓய்ந்து, மறுபடி தொடங்கின. லக்ஷிகா கண்ணை மூடிக்கொண்டு மற்ற இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள்.

ஓவியம், மிகச் சிறப்பு. மறுபடியும் மிகச் சிறப்பு.

"எக்ஸ்ட்ரா கிளாஸ் எண்டு போனது இதுக்கோ?"

"ஓம்."

அவர் காது சிவந்தது. போச்சு, இனி ரணகளம்தான் என்று ஸ்வர்ணா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் முதல் பட்டியலையே திரும்ப எடுத்தார்.

"இதிலை ஏன் என்ரை பேர் முன்னுக்கு நிக்குது?"

"நீங்கள்தான் அப்பிடி எழுதினீங்கள், அப்பா. கிளாஸிலை எல்லாரும் என்னை இராசரத்தினம் எண்டுதான் கூப்பிடுறவை."

"வருசம் முழுக்கவோ? நீ ஏன் சொல்லேல்லை?"

"பிசிக்ஸ் கிளாஸிலை அது சரியாத்தான் இருந்தது." அவள் பட்டியலில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினாள். "அங்கை இருந்தது நான் இல்லை, அப்பா. நீங்கள்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப பெயில் விட்டது நான்தான்" என்றார். "இது ரெண்டாம் தரம். யாழ்ப்பாணத்திலை ஏலெவல் சோதினையிலையும் பிசிக்ஸ் பெயில். கொம்மாவுக்கே தெரியாது. இண்டைக்குத்தான் வாயாலை சொல்லுறன்."

"சீரியஸ்லி, அப்பா?"

அவர் பேனாவை எடுத்தார். மதிப்பெண்களைச் சேர்த்த பின் நீக்க வேண்டிய பதிவு எது என்று படிவம் கேட்டது. தன் பெயர் முன்னால் நின்றதைக் கூட்டெழுத்தில் மெதுவாக எழுதி, கீழே கையெழுத்திட்டு, தாளை ஸ்வர்ணா பக்கம் தள்ளினார்.

"இவளை வைச்சிருங்கோ, தங்கச்சி. மற்ற ஆள் போகட்டும்."