சித்தப்பா முதுகைக் காட்டி நின்ற மத்தியானம்

கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்ப்பது அக்காவின் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தங்கையின் இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள். டிரம்ஸ் அடிக்கும் தங்கைதான் குழுவுக்குத் தலைவி. அக்காவாயிற்றே என்றெல்லாம் பார்க்கமாட்டாள், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள்.

அக்காவின் பெருமையெல்லாம் அவள் காலடியில் வரிசையாகக் கிடந்த பெடல்களில் இருந்தது. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே கோத்துவிடும் இரும்புப் பெட்டிகள் அவை. ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும், இன்னொன்று என்ன செய்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் ஆனை விலை, குதிரை விலை. கண்ணாடி துடைக்கிற துணியால்தான் துடைத்து வைப்பாள்.

படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் வீடே அதிரும். ஆம்ப்ளிஃபயரில் அடிநாதத்துக்கான பேஸ், உச்ச ஒலிக்கான ட்ரெபிள் குமிழ்கள் இரண்டும் கடைசிவரை திருகியிருக்கும். நடு ஒலிக்கான மிட் குமிழ் அடியோடு இறங்கியிருக்கும். தனியாகக் கேட்க அப்படியொரு கம்பீரம். கார் ஷெட்டில் குழுவினர் நால்வரும் சேர்ந்து வாசித்தாலோ, கிட்டார் இருக்கிற இடமே தெரியாது. உடனே அக்கா இன்னொரு பெடல் வாங்குவாள்.

மேடை நிகழ்ச்சி நெருங்கிய நேரத்தில் தங்கை குண்டைத் தூக்கிப் போட்டாள். புதுப் பாட்டின் நடுவில் வரும் கிட்டார் பகுதியைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். கீபோர்டுக்காரனைச் ‘சித்தப்பா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பையனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை, பேச்சு மட்டும் ஓய்வு பெற்றவர் பேச்சு.

அந்த மெட்டு அக்கா போட்டது. பஸ்ஸில் முணுமுணுத்து, பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்து உண்டாக்கியது.

“என் மெட்ட அவன் வாசிப்பானா?”

“யாருக்கும் கேக்காத மெட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்றாள் தங்கை.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மறுநாள் கடையில் ஒருவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஒரு தடவைக்கு ஒரு லென்ஸைத்தான் மாற்றுவாள். விலையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். சொன்னால் விலை கூடியதில்தான் நன்றாகத் தெரிகிறது என்பார்கள். கிட்டாரிடம் மட்டும் இந்தப் புத்தி எங்கே போயிருந்தது?

ஞாயிறு மத்தியானம் பெடல்கள் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். எதை மாற்றுகிறாள் என்று தெரியாதபடி சித்தப்பாவை ஷெட் வாசலில், தெருவைப் பார்த்து நிற்கச் சொன்னாள். மெட்டு கைமாறினால் லாபம் அவனுக்குத்தான். தங்கை கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அக்கா கேட்கவில்லை. அவன் வாய்தான் நீளம், காது சுத்தம் என்று அவளுக்குத் தெரியும்.

டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் முழங்க, அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மாற்றி, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கத்திக் கேட்டாள். எதிரொலிப் பெடலைக் கழற்றினாள். இது தெளிவு என்றான். என்ன செய்கிறதென்றே தெரியாத அந்தக் குதிரை விலைப் பெடலைக் கழற்றினாள். “அப்பாடா, இப்பதான் கேக்குது” என்றான். அக்கா விலையை நினைத்துக்கொண்டே அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கரகரப்பைப் பாதியாகக் குறைத்தாள். பேஸை இறக்கி மிட்டை ஏற்றினாள். அத்தனை நாளும் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தாள். கடைசியில் ஒரே ஒரு பெடல் மிஞ்சியது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஒலி. அதோடு மறுபடி எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள்.

வாசித்து முடித்தபோது சித்தப்பா திரும்பி நின்றிருந்தான்.

“இத நான் வாசிக்க மாட்டேன்க்கா. இது உங்க குரல் மாதிரி கேக்குது.”

தங்கை குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, “அக்காதான் வாசிக்கிறா” என்றாள், யாரோ மறுத்துப் பேசியதுபோல.

நிகழ்ச்சியன்று பாட்டில் அந்த இடம் வந்ததும் சித்தப்பா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான். பேசிக்கொண்டிருந்த பின்வரிசைகூட அடங்கியது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தங்கை கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள், அவளே பெற்று வளர்த்த அக்கா மாதிரி. அக்காவுக்குத் தலைக்கனம் ஏறியது உண்மைதான். ஏறட்டுமே, மெட்டும் அவளுடையது, ஒலியும் அவளுடையது.